முனீஸ்வரியும் வட்டமேசை எட்டுப் பேரும்

முனீஸ்வரி ரகசியம் பேசினால் கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ்ஸுக்கு நிற்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருடமாக ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. நூல் முறுக்கும் ஸ்பிண்டில் ஆயிரம் ஒரே நேரத்தில் சுற்றுகிற மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டு "தண்ணி குடிச்சியா?" என்று கேட்பதற்கே அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். ஷிப்டு முடிந்து வெளியே வந்த பிறகும் அவள் தொண்டைக்கு மில் முடிந்தது தெரியாது. சுந்தரபாண்டியத்தில் அவள் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்கும் தெரியும். உப்பு கூடிப்போனதும் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, பேங்க் வேலை என்றால் அவளுக்கு உயிர். ஒருமுறை பாஸ்புக் பதிய ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் "இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று சொன்னது பஞ்சு விழுந்த மாதிரி இருந்தது. இப்படி மெல்லமாகப் பேசிக்கொண்டும் ஒரு மனுஷி சம்பாதிக்க முடியுமா என்று முனீஸ்வரி வாயைப் பிளந்து நின்றாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் தள்ளிவிட்ட பிறகுதான் நகர்ந்தாள். தபால் வழியில் படித்து முடித்த பி.காம். பட்டம் அதுவரை பீரோவில் கல்யாணச் சேலைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அதைத் தட்டி எழுப்பினாள்.

அப்புறம் ஐந்து வருடம், ஐந்து தேர்வு. ஐந்திலும் முதல்கட்டத்திலேயே போய்விட்டது. இப்போது ஆறாவது. இதுதான் கடைசி. அவள் பிரிவுக்கு முப்பத்தொரு வயதோடு கிளார்க் தேர்வின் கதவைச் சாத்திவிடுவார்கள். வருகிற தை பிறந்தால் அவளுக்கு அந்த வயதும் தாண்டிவிடும். அதற்குப் பிறகு பேங்குக்குப் போவதென்றால் பாஸ்புக் பதியத்தான்.

படிக்க இடம் கிடைத்ததே ஒரு பெரிய கதை. முதலில் நூலகத்துக்குப் போனாள். மனசுக்குள் படிப்பதாக நினைத்துக்கொண்டு அவள் படித்ததில், அங்கே பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்கள் ஆறு பேருக்கும் சதவீதக் கணக்கு அத்துப்படியானது. மூன்றாம் நாள் நூலகர் கையெடுத்துக் கும்பிட்டார். கடைசியில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மதார் சாகிப் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் இடம் கிடைத்தது. அவர் மகள் நௌஷீனும் அதே தேர்வுக்குத்தான் படிக்கிறாள். இருபத்துமூன்று வயது, வாய் மட்டும் நாற்பதுக்கு உண்டு. மில் வேன் இரண்டே முக்காலுக்கு முனீஸ்வரியை ஸ்ரீவில்லிபுத்தூரில் இறக்கிவிடும். கடையின் பின்பக்கம், பேப்பர் கட்டுகளுக்கு நடுவில் இரண்டு ஸ்டூல். ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தத்தில் முனீஸ்வரியின் சத்தம் கொஞ்சம் அடங்கித் தெரியும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது முனீஸ்வரி சொன்னாள்: "ஏட்டி நௌஷீன், இனிமே புதுசா ஒண்ணும் படிக்கப்படாது. படிச்சதையே திருப்பிப் பாக்கணும். அதுக்கு ஒரு பிளான் போடுவோம்."

பிளான் போட்டார்கள். போட்டார்கள், போட்டார்கள், மூன்று நாள் போட்டார்கள். மதார் சாகிப் கடையில் இருந்ததிலேயே பெரிய சார்ட் பேப்பர். இங்கிலீசுக்குச் சிவப்பு, கணக்குக்குப் பச்சை, ரீசனிங்குக்கு நீலம். எந்த நேரத்துக்கு எந்தப் பாடம் என்பது மட்டுமில்லை, மில் வேனில் முதல் வளைவு வரைக்கும் எதிர்ச்சொல், இரண்டாவது வளைவிலிருந்து வாய்ப்பாடு, அரிசி வேகிற நேரத்தில் வட்டிக் கணக்கு என்று வந்தது. கொட்டாவிக்குத் தனியாக நாலு நிமிடம் ஒதுக்கியிருந்தது. கல்யாண மண்டபத்துக்குக் கோலம் போட்டிருந்தால்கூட இவ்வளவு கலர் ஆகியிருக்காது.

சார்ட்டை வீட்டுச் சுவரில் ஒட்டியபோது சிவபாண்டி வந்து நின்று பார்த்தான். வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையம் மார்க்கெட்டுக்குத் தேங்காய் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். மேலிருந்து கீழாகப் பார்த்தான், கீழிருந்து மேலாகப் பார்த்தான்.

"ஏட்டி, இதுல நான் எங்க இருக்கேன்?"

"இந்தா, ஞாயித்துக்கெழம சாயங்காலம்."

"அஞ்சு நிமிசமா?"

"அதுல ரெண்டு நிமிசம் ஒங்கம்மாவுக்கு."

உள்ளேயிருந்து மாமியார் சந்தனத்தின் குரல் வந்தது. "எனக்கெதுக்கு ரெண்டு நிமிசம்? அதையும் நீயே வச்சுப் படி தாயி. பாசாயிட்டு வந்து ஒரு நா முழுக்கப் பேசு, கேக்கேன்."

ஆக, பத்து நாளில் ஏழு நாள்தான் மிச்சம். அது போதும் என்றுதான் நினைத்தாள். ஏனென்றால் அவளுக்குத் தெரியாத பாடம் என்று ஒன்றும் இல்லை. ஐந்து வருடமாக அரைத்த மாவு. அவளுடைய நோய் வேறு.

ரீசனிங் பகுதியில் புதிர்க் கணக்கு என்று வரும். எட்டுப் பேர் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அமலாவுக்கு இடப்பக்கம் மூன்றாவதாக இருப்பவர் டாக்டர். பாலுவும் கோமதியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். யாருக்கு எதிரே யார், கண்டுபிடி. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டால் முனீஸ்வரிக்கு உலகம் மறந்துவிடும். இருபது நிமிடத்தில் முப்பத்தைந்து கேள்வி. அவளோ அந்த எட்டுப் பேரை உட்காரவைக்காமல் நகர மாட்டாள். எட்டுப் பேரும் சாப்பிட வந்தவர்கள் மாதிரியும், இவள் பந்தி விசாரிக்க நிற்கிறவள் மாதிரியும், யாராவது ஒருத்தருக்கு இடம் இல்லை என்றால் குடும்ப மானம் போய்விடும் மாதிரியும் தவிப்பாள்.

போன வருடம் கால் மார்க்கில் போனது. கால் மார்க்! எட்டு மாடி வீட்டில் எந்த மாடியில் யார் குடியிருக்கிறார் என்று ஒரு புதிர். சுந்தரபாண்டியத்தில் இரண்டாவது மாடி எழுப்பினவரையே ஊர் ஒரு மாதிரியாகப் பார்க்கும். எட்டு மாடிக்கு இவள் எங்கே போவாள்? பன்னிரண்டு நிமிடம் அந்த மாடிப்படியிலேயே ஏறி இறங்கினாள். நேரம் முடிந்து திரை அணைந்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில் திடீரென்று எழுந்து, "ஏழாவது மாடியில இருக்கது வக்கீலுங்க!" என்று சிவபாண்டியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். டிரைவர் பிரேக் போட்டுவிட்டார். "ஏழாவது மாடியா? எறங்கணுமாம்மா?" என்று கண்டக்டர் கேட்டதை சிவபாண்டி இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இந்த வருடம் சார்ட் பேப்பர் ஒட்டின ராத்திரி, அவள் தூங்கின பிறகு, சிரிக்காமல், அதற்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறான். அது அவளுக்குத் தெரியாது.

இந்த முறையும் பிளான் அதே வழியில்தான் போனது. ஏழு நாளில் முதல் இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் சாயங்காலம் வட்டமேசை வந்தது. சிவப்பு, பச்சை எல்லாம் காணாமல் போய் நீலம் மட்டும் நின்றது. அடுப்பில் சோறு குழைந்துவிட்டது.

சந்தனம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள். "என்னதான் அப்படிப் பாக்க? படிச்சுக் காட்டு."

முனீஸ்வரி படித்துக் காட்டினாள்.

"பாலுவும் கோமதியும் எதுக்காம் பக்கத்துல உக்கார மாட்டாக?"

"கணக்கு அப்படி அத்தை."

"அதெல்லாம் இருக்காது. ஏதோ பொண்ணு கேட்டுக் குடுக்காம விட்ட சங்கதியா இருக்கும். அந்த டாக்டருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

முனீஸ்வரி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனாலும் புதிரை விடவில்லை. நாற்பது நிமிடம் கழித்து எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வேறு ஒரு கேள்வியும் பார்க்கவில்லை.

மறுநாள் மில்லில்தான் அது நடந்தது.

முனீஸ்வரியின் வேலை இழை ஒட்டுவது. ஸ்பிண்டில் சுற்றும்போது எங்கேயாவது நூல் அறும். அறுந்ததை விரலால் எடுத்து, ஓடுகிற மிஷினிலேயே ஒட்டிவிட்டு நடக்க வேண்டும். ஷிப்டு முழுக்க நடை. அவள் நடந்த நடையை நேராக வைத்தால் இந்நேரம் இமயமலையில் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருப்பாள். அன்று பக்கத்து வரிசைக்குப் பிரிஸ்கில்லா புதிதாக வந்திருந்தாள். அதே மில்லில் பேக்கிங்கில் பத்து வருடம் இருந்தவள், இழை வேலைக்கு அன்றுதான் முதல் நாள். ஒரு ஸ்பிண்டில் முன்னால் குனிந்து நின்றாள். ஒட்டினாள், அறுந்தது. ஒட்டினாள், அறுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்ப ஒட்டினாள். அவள் முதுகுக்குப் பின்னால் வரிசை நெடுக இருபது நூல் அறுந்து, பஞ்சு வெள்ளை வெள்ளையாகப் பறந்துகொண்டிருந்தது.

முனீஸ்வரி ஓடிப்போய் அவள் காதில் கத்தினாள்.

"ஏட்டி பிரிஸ்கில்லா! அதையே கட்டிக்கிட்டு நிக்காத! மூணு தடவ ஒட்டிப் பாரு. நிக்கலையா, விட்டுட்டு நட!"

"இன்னும் ஒருக்கா பாக்கேன் முனீசு. இந்தா, நின்னுரும்போல இருக்கு!"

"நிக்காது! அது ஸ்பிண்டில் கோளாறு, ஒன் கோளாறு இல்ல! பிட்டர் வந்து பாத்துக்கிடுவாரு! அந்தா பாரு, அங்க ஒட்டுனா ஒடனே நிக்கிற நூலு இருவது கெடக்கு. இது ஒண்ணுக்காக அம்புட்டையும் விடுவியா? ஒனக்கென்ன கிறுக்கா?"

கத்தி முடித்துவிட்டு முனீஸ்வரி இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டு வைக்கவில்லை. அவள் கத்தினது பிரிஸ்கில்லாவுக்குக் கேட்டதோ இல்லையோ, அவளுக்கே கேட்டுவிட்டது.

மேஸ்திரி ராக்கப்பன் தூரத்திலிருந்து கையாட்டினார், என்ன நின்னுட்ட என்று. பன்னிரண்டு வருடத்தில் முனீஸ்வரி மிஷின் ஓடும்போது நின்று அவர் பார்த்ததில்லை.

அன்று ஜெராக்ஸ் கடைக்குள் அவள் நுழைந்த வேகத்தில் மேலே இருந்த பேப்பர் பறந்தது.

"நௌஷீன், பிளானை மாத்துறோம்."

"அல்லா! திரும்பவும் மூணு நாளாக்கா? பரீச்சைக்கே நாலு நாள்தான இருக்கு!"

"எழுதவே வேண்டாம். நாலு நாளும் ஒரே பாடம். விடுறது."

"எதை விடுறது?"

"எதெது மூணு வாசிப்புல பிடி குடுக்கலையோ, அதை. நான் விடலைன்னா நீ என்னை அடி."

நௌஷீனுக்கு இதைவிட நல்ல வேலை உலகத்தில் யார் கொடுப்பார்கள்? கடையிலேயே நீளமான ஸ்டீல் ஸ்கேலை எடுத்துக்கொண்டாள். ஒரு கையில் செல்போன், நேரம் பார்க்க. முனீஸ்வரி புதிரைப் படிப்பாள். ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றுமுறை. "விடுக்கா!" விரல் மேல் ஸ்கேல் விழும். "செத்த இருட்டி, கோமதிக்கு மட்டும் இடம் பாத்துட்டு..." டப்! "கோமதி நின்னுக்கிட்டே சாப்பிடட்டும்க்கா, அடுத்ததுக்குப் போ!"

முதல் நாள் பதினேழு அடி. விரல் வெண்டைக்காய் மாதிரி வீங்கியது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மதார் சாகிப்புக்கு மனசு கேட்கவில்லை. "ஏம்மா, வயசுல மூத்த பொண்ணப் போட்டு இப்பிடி அடிக்கிறியே?" "அத்தா, அக்கா கேட்டு வாங்குது!" "ஆமாண்ணே, நல்லா அடிக்கட்டும்" என்றாள் முனீஸ்வரி. அது பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது.

இரண்டாம் நாள் பதினொன்று. மூன்றாம் நாள் ஆறு. அடி குறையக் குறைய, செய்து முடித்த கேள்விகள் கூடின. முப்பத்தைந்தில் இருபத்தாறு, இருபத்தெட்டு. ஆனால் விட்ட புதிர்கள் அவளை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது, பாத்திரம் விளக்கும்போது எல்லாம் மேசையில் இடம் கிடைக்காதவர்கள் வந்து நின்றார்கள், எங்களுக்கு இடம் எங்கே என்று. நாலாம் நாள் நௌஷீன் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்.

"விடும்போது ஒனக்கு என்னக்கா செய்யுது?"

முனீஸ்வரி யோசித்தாள். அதிசயமாகக் குரல் தணிந்து வந்தது. "என்னால ஏலாதுன்னு ஒத்துக்கிட்ட மாதிரி இருக்குட்டி. நான் பத்தாங்கிளாஸ்லயே நின்னவளுன்னு மில்லுல ஒருத்தி சொன்னா, நான் பி.காம். முடிச்சேன். ஒன்னைய யாரு கட்டுவான்னாக, இந்தா ஆட்டோக்காரரு இருக்காரு. எதையும் விட்டுப் பழக்கமில்ல எனக்கு."

நௌஷீன் ஸ்கேலைத் திரும்ப எடுக்காமல் அடுத்த தாளைத் திருப்பி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு. மதுரை ரோட்டில் ஒரு காலேஜ். தேங்காய் நார் ஒட்டியிருந்த சீட்டைத் துடைத்து, முனீஸ்வரியையும் நௌஷீனையும் லோடு ஆட்டோவில் ஏற்றிப் போனான் சிவபாண்டி. "ரெண்டு தேங்காயும் உடையாம போய்ச் சேரணும்" என்று பள்ளம் மேடு பார்த்து ஓட்டினான். வாசலில் இருவரும் வேறு வேறு ஹாலுக்குப் பிரிந்தார்கள்.

இங்கிலீசு இருபது நிமிடம் போனது. கணக்கு போனது. மூன்றாவது ரீசனிங். மௌஸைத் தட்டினாள். முதல் கேள்வியே வட்டமேசை.

அதிலும் இது சாதாரண வட்டமேசை இல்லை. பாதிப் பேர் உள்ளே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் வெளியே பார்த்து. ஐந்து வருடத்தில் இப்படி ஒரு அழகான புதிரை அவள் பார்த்ததில்லை. ஒருமுறை வாசித்தாள். இரண்டாவது முறை வாசிக்கும்போது இரண்டு பேருக்கு இடம் கிடைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது முறை வாசித்தாள். மூன்றாவது ஆளும் கிடைப்பான் போல இருந்தது. இன்னும் ஒரே ஒரு தடவை. கை மௌஸில் இருந்தது. பக்கத்தில் ஸ்கேலோடு யாரும் இல்லை. ஐந்து கேள்வி, ஐந்து மார்க் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. தை மாதம் அவள் முன்னால் உட்கார்ந்திருந்தது.

அடுத்ததைத் தட்டினாள்.

அந்த ஐந்தையும் தாண்டி வந்த கேள்வி மூன்று வரி. விடை பளிச்சென்று தெரிந்தது. அதற்கடுத்ததும் தெரிந்தது. நடந்தாள், நடந்தாள், கடைசிக் கேள்வி வரைக்கும் நடந்தாள். திரும்பி அந்த மேசைக்கு வர நினைத்தபோது பதினொரு நொடி பாக்கி. சும்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். திரை அணைந்தது.

வெளியே சிவபாண்டி அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தான். "ஏழாவது மாடி?"

"இல்லைங்க. ஒரு வட்டமேசை வந்துச்சு. அஞ்சு கேள்வி. போடலை."

"போடத் தெரியலையா?"

"தெரியும்னுதான் நெனைக்கேன். போடலை."

நௌஷீனும் வந்து ஏறியதும் அவன் வண்டியை எடுத்தான். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது திரும்பிப் பார்த்தால், கண்ணாடியில் தலை முட்டிக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தேர்வு முடிந்து வரும் வழியில் அவள் தூங்கினதே கிடையாது. குறட்டையாவது மெதுவாக விடுவாள் என்று பார்த்தால், அதுவும் இல்லை. லாரிக்காரன் ஒருவன் ஹாரன் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டான்.

முடிவு வந்தது ஒரு மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை. மில்லுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மணிக்கு வெளியே வந்து எடுத்தால் நௌஷீனிடமிருந்து முப்பத்தொரு அழைப்பு. வேனுக்கு நின்ற பெண்கள் எல்லாம் பேச்சை நிறுத்தினார்கள். பிரிஸ்கில்லா அவள் பையை வாங்கிக்கொண்டாள்.

"நௌஷீன்?"

"அக்கா, பாஸ்!"

"என் நம்பரைப் போட்டுப் பாத்தியா?"

"பாத்தேங்க்கா. நீ ரெண்டாங்கட்டம், மெயின்ஸ் எழுதலாம்னு போட்டிருக்கு."

"ஏட்டி, வேற முனீஸ்வரியா இருக்கப்போகுது. பொறந்த தேதியப் பாரு."

"ஒன் பொறந்த தேதியப் போட்டாத்தாங்க்கா அந்தப் பக்கமே தொறக்கும்!"

"இன்னொருக்கா போடு."

நௌஷீன் இன்னொருமுறை போட்டாள். பாஸ்தான். மூன்றாவது முறையும் போட்டாள். அப்போதும் பாஸ்தான். முனீஸ்வரி கேட்ட சத்தத்தில் வேனுக்கு நின்றவர்கள், வாட்ச்மேன், எதிர்த்த டீக்கடை எல்லாருக்கும் செய்தி போய்விட்டது. பிரிஸ்கில்லா அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள், முடியாமல் இறக்கிவிட்டாள்.

அப்புறம்தான் முனீஸ்வரிக்கு நினைவு வந்தது. "ஏட்டி, ஒனக்கு?"

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மிஷின் ஓடும் சத்தத்தோடு நௌஷீன் குரல் வந்தது.

"முக்கால் மார்க்குல போச்சுக்கா. கடைசி அரை நிமிசத்துல தெரியாத ஆறு கேள்விக்குக் கண்ணை மூடித் தட்டிட்டேன். ஆறும் தப்பு. இருந்ததையும் கழிச்சுட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "ஒன்னைய அடிச்ச ஸ்கேலை நானும் எடுத்துட்டுப் போயிருக்கணும்" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

முனீஸ்வரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு என்னக்கா, இருவத்திமூணுதான. எட்டு வருசம் இருக்கு. ஒனக்குத்தான் இதை விட்டா கெடையாது. நீ சிரிச்சுக் காட்டுக்கா, நான் கேக்கணும்."

முனீஸ்வரி சிரிக்க வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது, மில் சங்கு மாதிரி.

"இதாக்கா ஒனக்குச் சிரிப்பு? அத்தா பயந்து எந்திச்சுட்டாக!"

இரண்டே முக்காலுக்கு வேன் ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்றது. கடையில் கூட்டம் இல்லை. மதார் சாகிப் எழுந்து "வாம்மா, நல்லபடியா வந்துட்ட" என்றார். நௌஷீன் கண் சிவந்திருந்தது. முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துவிட்டு, மிஷின் தட்டிலிருந்து ஒரு கட்டு எடுத்து முனீஸ்வரி மடியில் வைத்தாள். மெயின்ஸ் பழைய வினாத்தாள். தோசை மாதிரி சுடச்சுட இருந்தது.

முனீஸ்வரி அதைத் திருப்பிப் பார்த்தாள். "அண்ணே, இன்னொரு காப்பி போடுங்க."

"யாருக்கும்மா?"

"ஒங்க மகளுக்கு."

"நான் எதுக்குக்கா மெயின்ஸ் படிக்கணும்? எனக்கு அடுத்த வருசம் முதல்ல இருந்துல்ல..."

"ஒத்தையில உக்காந்து படிக்க எனக்கு வராது. நான் கத்துனா யாரு கேக்குறது?"

நௌஷீன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சினாள். செல்போனை எடுத்து நேரம் வைத்தாள்.

"முதல் தாளத் திருப்புக்கா. ஓடுது."